கேட்ரிட்ஜ் கெட்டுவிட்டதாக பிரிண்டர் சொன்னால் நம்பலாமா?

'கேட்ரிட்ஜ் இல்லை அல்லது பழுதடைந்துள்ளது.' இப்போதுதான் கவரைப் பிரித்து, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டிய கேட்ரிட்ஜைப் பற்றித்தான் பிரிண்டர் இப்படிச் சொல்கிறது. மூடியைத் திறந்து மூடினாலும் அதே பதில். கழற்றி மாட்டினாலும் அதே பதில். பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, பெரும்பாலானவர்கள் கேட்ரிட்ஜ் போய்விட்டது, வேறொன்று வாங்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த மெசேஜை எழுதியவர்களுக்கு இதில் பெரிய வருத்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. வெகுநாளாக என்னை உறுத்துவது இதுதான். ஒரே மாதிரித் தெரியும் இந்த மறுப்புக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கின்றன. செம்புத் தொடர்பு சரியில்லாமல் பேச்சே எட்டாமல் போவது ஒன்று. கேட்ரிட்ஜின் ஹெட், அதாவது மையைத் தாளில் தெளிக்கும் பகுதி, உண்மையாகவே செத்துப்போவது இன்னொன்று. எல்லாம் நன்றாக இருந்தும், சிப் சொல்லும் அடையாளம் பிடிக்காமல் பிரிண்டர் வேண்டுமென்றே கதவைச் சாத்துவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு ஈரத்துணி போதும். இரண்டாவதற்குப் புதுக் கேட்ரிட்ஜ்தான். மூன்றாவதற்கு நாள் முழுக்கத் துடைத்தாலும் பயனில்லை.

மூடியை மூடிய சில நொடிகளுக்குள் உள்ளே நடப்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கேட்ரிட்ஜ்களைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடும் கேரியேஜில், சின்னச் சின்ன ஸ்பிரிங் ஊசிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். கேட்ரிட்ஜின் செம்புப் புள்ளிகள் அவற்றின்மேல் போய்ப் பதிய வேண்டும். அந்த வழியாகத்தான் பிரிண்டர் 'நீ யார், எந்த நிறம், எந்த மாடல்' என்று விசாரிக்கிறது. ஹெட்டும் மையும் ஒன்றாக இருக்கும் வகை என்றால், உள்ளே உள்ள வெப்ப உணரி தரும் அளவையும் சரிபார்க்கிறது. பதிலே வராவிட்டால், கேட்ரிட்ஜ் மாட்டவே இல்லையா, மாட்டியும் செத்துக் கிடக்கிறதா என்று பிரிண்டரால் பிரித்தறிய முடியாது. 'இல்லை அல்லது பழுது' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். பதில் வந்து, அந்தப் பதிலில்தான் சிக்கல் என்றால் மெசேஜ் பெரும்பாலும் வேறு விதமாக இருக்கும்: பொருந்தாதது, ஏற்கெனவே பயன்படுத்தியது, பாதுகாக்கப்பட்டது, வேற்று சிப் உள்ளது. ஆகவே முதல் வேலை, மெசேஜை வார்த்தை மாறாமல் குறித்துக்கொள்வது அல்லது போனில் ஒரு படம் எடுத்துவைப்பது. ஸ்கிரீன் இல்லாத சிறிய மாடல்களில் ஒரு விளக்கு மினுக்கும், அல்லது ஒற்றை எழுத்தும் இரண்டு எண்ணும் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவற்றைக் கணினியோடு இணைத்து ஒரு பக்கம் அச்சடிக்கச் சொல்லிப் பாருங்கள். விளக்கு சொல்லாத விவரத்தைக் கணினித் திரையில் வரும் பெட்டி சொல்லிவிடும்.

எந்த வகைக் கேட்ரிட்ஜ்?

கேட்ரிட்ஜைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பளபளப்பான சிறு தகடும், அதிலிருந்து பின்பக்கம் மடிந்து ஏறும் செம்பு நிற மெல்லிய பட்டையும், அந்தப் பட்டையில் பல டஜன் புள்ளிகளும் இருந்தால், அது ஹெட்டோடு சேர்ந்த வகை. ஹெச்பியின் 680, 803, கேனனின் 745, 746 எல்லாம் இதில் சேர்த்தி. புள்ளிக்கூட்டம் இல்லாமல், விரல் நகம் அளவில் ஒரு சிறு சிப் மட்டும் ஒட்டியிருந்தால் அது வெறும் மைத்தொட்டி. ஹெட் பிரிண்டரிலேயே இருக்கிறது. எப்சன் கேட்ரிட்ஜ்கள், ஹெச்பியின் 950, 951, கேனனின் 520, 521 வரிசை ஆகியவை இந்த ரகம். இந்த வேறுபாடு தெரியாமல் யாருடைய ஆலோசனையையும் கேட்காதீர்கள். முதல் வகையில் கேட்ரிட்ஜை மாற்றினாலே ஹெட்டும் புதிதாகிவிடுகிறது, அதனால் ஹெட் பழுது கேட்ரிட்ஜோடு போய்விடும். இரண்டாம் வகையில் எத்தனை கேட்ரிட்ஜ் மாற்றினாலும் பழைய ஹெட் அங்கேயேதான் இருக்கும். அதே சமயம், இரண்டாம் வகையில் மறுப்பு வந்தால் அநேகமாக அந்தச் சிறு சிப்பைச் சுற்றியேதான் காரணம் இருக்கும்.

உள்ளே உட்கார்ந்துவிட்டது என்பதால் எண் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஹெச்பியின் பழைய 21, 27, 56 மூன்றும் ஒரே அளவுக் கூட்டில் வந்த கறுப்புக் கேட்ரிட்ஜ்கள். உள்ளே இருந்த மை முறையே 5, 10, 19 மில்லி. வெளித்தோற்றத்தை வைத்து ஒன்றை மற்றொன்று என்று எடுத்துவிடுவது மிக எளிது. பெரும்பாலான பிரிண்டர்களில் மூடியின் உட்புறத்தில் ஏற்கும் எண்களை ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே எண்ணில் எக்ஸ்எல் என்று போட்டது மை கூடுதலாக உள்ள கேட்ரிட்ஜ், அதைத் தாராளமாக மாட்டலாம். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் மாட்டக்கூடாது.

செம்பு சொல்லும் பொய்

புதுக் கேட்ரிட்ஜில் மறுப்பு வந்தால் முதல் சந்தேகம் டேப்பின்மேல் விழ வேண்டும். ஹெட்டோடு சேர்ந்த வகையில் நாஸில் (மை வெளியேறும் நுண்துளை) தகட்டை மூடி ஒரு நிறமுள்ள டேப் ஒட்டியிருக்கும். அதன் நுனியில் இழுப்பதற்கென்றே ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். வாலைப் பிடித்து நிதானமாக இழுத்தால் முழுதாக வந்துவிடும். அவசரத்தில் பாதியில் அறுந்தால், மிச்சம் செம்புப் பட்டையின் ஓரத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு: அந்தச் செம்புப் பட்டையையே டேப் என்று நினைத்து நகத்தால் உரித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது உரிந்தால் கேட்ரிட்ஜ் முடிந்தது, ஒட்டவைக்க வழியில்லை. மைத்தொட்டி வகையில் டேப்பின் வேலை வேறு. மேலே உள்ள காற்றுத் துவாரத்தை அடைத்திருக்கும் டேப்பை எடுக்க வேண்டும்; மை வெளியேறும் வாயில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைத் தொடக் கூடாது, அதைப் பிரிண்டரின் ஊசி தானே துளைத்துக்கொள்ளும். கேனன் தொட்டிகளில் ஆரஞ்சு டேப்பை முழுவதும் உரித்து, காற்றுப் பள்ளம் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆரஞ்சு மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் மை பீய்ச்சி அடிக்கும்.

அடுத்தது, மாட்டும் விதம். பிரிண்டர் ஆனில் இருக்கும்போதே மூடியைத் திறந்து, கேரியேஜ் நடுவில் வந்து அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். ஆஃப் செய்துவிட்டுக் கேரியேஜைக் கையால் தள்ளுவது வேண்டாத வேலை. ஹெச்பியின் இரட்டைக் கேட்ரிட்ஜ் மாடல்களிலும், கேனனின் அதே வகை மாடல்களிலும் மூவண்ணம் இடப்பக்கம், கறுப்பு வலப்பக்கம். சற்றே சாய்த்து உள்ளே நுழைத்துப் பிறகு பின்பக்கமோ மேற்பக்கமோ அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். எந்தத் திசையில் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒன்று நூலளவு தூக்கிக்கொண்டிருந்தாலும் ஊசிகளில் சில எட்டாமல் போகும்.

இனி துடைப்பது. இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நூல் உதிராத துணி ஒரு துண்டு வேண்டும். காபி மேக்கருக்கான வடிதாள் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணப் பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் காண்டாக்டுகளுக்கு, அதாவது அந்தச் செம்புப் புள்ளிகளுக்கு, ஆகாது. ஓர் இழை ஊசியில் மாட்டிக்கொண்டால் புதுத் தலைவலி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்ததும் செம்பின்மேல் வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஈரம் கையில் உணரும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ரிட்ஜைப் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொண்டு, செம்புப் புள்ளிகளை மேலும் கீழுமாக மெதுவாகத் துடைத்து, துணியில் மை தெரியாத இடமாகத் திருப்பிக்கொண்டே போங்கள். புள்ளிகள் முடிந்து நாஸில் தகடு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து மையை இழுத்து மறுபடி காண்டாக்டில் பூசிவிடுவதுதான் நடக்கும் தவறு. ஹெட்டோடு சேர்ந்த கேட்ரிட்ஜில் ஆல்கஹால் வேண்டாம் என்று ஹெச்பியே சொல்கிறது. அதைக் கேட்பது நல்லது. பிறகு சுத்தமான உலர்ந்த துணியால் ஒற்றி, பத்து நிமிடம் நாஸில் மேல்நோக்கி இருக்க வைத்து உலரவிடுங்கள். அதற்காக வெகுநேரம் வெளியே விட்டுவிடக் கூடாது. அரைமணி நேரத்தைத் தாண்டினால் நாஸில்களில் மை காயத் தொடங்கும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தை, அதாவது கேரியேஜில் உள்ள ஊசிகளை, துடைப்பதே இல்லை. கேட்ரிட்ஜ் மாறிக்கொண்டே இருக்கும், ஊசிகள் மட்டும் பிரிண்டர் வாங்கிய நாளிலிருந்து அங்கேயே இருக்கின்றன. அழுக்கு சேர வேண்டிய இடமே அதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஊசிகள் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே அமுங்கியோ சாய்ந்தோ இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. கறுப்பு வழவழப்பாகத் தெரிவது காய்ந்த மை. லேசாக ஈரமான துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் முடியுங்கள். தேய்க்கக் கூடாது, ஊசி வளையும்.

இந்தக் கட்டத்தில் ஒருமுறை மின்சாரத்தையும் முழுதாகத் துண்டித்துப் பாருங்கள். பவர் பட்டனை அழுத்தி அணைப்பது இதில் சேராது. பிரிண்டர் ஆனில் இருக்கும்போதே பின்பக்கம் பவர் கார்டைப் பிடுங்கி, சுவரிலிருந்தும் எடுத்து, 60 நொடி விட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் செருக வேண்டும். பட்டனில் அணைத்தால் உள்ளே உள்ள மின்சுற்றுப் போர்டு முழுதாகத் தூங்குவதில்லை. முந்தைய பிழை நிலை நினைவில் அப்படியே தங்கிவிடலாம். இதைப் பிழை வந்தபோது மட்டும் செய்யுங்கள். தினமும் சுவிட்சைப் படாரென்று அணைக்கும் பழக்கம் இருந்தால் ஹெட் தன் மூடியில் போய் அமராமல் வெளியிலேயே நின்று காய்ந்துவிடும்.

ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்

துடைத்தும் தீரவில்லை என்றால், புதிது வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காசு செலவில்லாத சோதனை. ஏனோ பெரும்பாலானவர்கள் இதற்கு வருவதே இல்லை. ஹெச்பியின் இரட்டைக் கேட்ரிட்ஜ் மாடல்கள் ஒரே கேட்ரிட்ஜோடும் அச்சடிக்கக்கூடியவை. கறுப்பைக் கழற்றிவிட்டு, மூவண்ணத்தை மட்டும் விட்டு மூடியை மூடுங்கள். காலியான இடத்தைப் பற்றி மட்டும் பிரிண்டர் முறையிட்டுவிட்டு, ஒற்றைக் கேட்ரிட்ஜில் தொடரலாம் என்றால், மூவண்ணம் குற்றமற்றது. இப்போது மாற்றிச் செய்யுங்கள்: மூவண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பை மட்டும் போடுங்கள். பழைய மெசேஜ் திரும்பி வந்தால் சிக்கல் கறுப்பில், அல்லது கறுப்பு உட்காரும் இடத்தில்.

இது ஏன் முக்கியம் என்றால், மெசேஜ் கைகாட்டும் கேட்ரிட்ஜ் எப்போதும் குற்றவாளியாக இருப்பதில்லை. கேரியேஜுக்கும் போர்டுக்கும் இடையே ஓடும் கம்பிகளில் சிலவற்றை இரண்டு கேட்ரிட்ஜ்களும் பொதுவாகப் பயன்படுத்தும் அமைப்பு உண்டு. அதில் ஒரு கேட்ரிட்ஜில் மை கசிந்து இரண்டு புள்ளிகளை இணைத்துவிட்டால், பக்கத்தில் சும்மா இருக்கும் கேட்ரிட்ஜின் பேச்சும் கலைந்துபோகும். இரண்டுமே கெட்டுவிட்டன என்று பிரிண்டர் சொல்லும். அதை நம்பி இரண்டையும் தூக்கி எறிபவர்கள் உண்டு. கசிந்ததை எடுத்துவிட்டால் மற்றது உடனே வேலை செய்யும். மாறாக, எந்த ஒன்றைத் தனியாகப் போட்டாலும் மறுப்பு தொடர்ந்தால், இரண்டும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் கேட்ரிட்ஜை விட்டு ஊசி, கேபிள், போர்டு பக்கம் போக வேண்டும்.

கேனனின் இரட்டைக் கேட்ரிட்ஜ் மாடல்களில் இந்த வசதி இல்லை. இரண்டும் உள்ளே இல்லாவிட்டால் அவை அச்சடிக்காது. அங்கே அதே எண்ணில் நன்றாக ஓடும் வேறொரு கேட்ரிட்ஜை யாரிடமாவது கேட்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. தனித்தனித் தொட்டி உள்ள கேனன் மாடல்களிலோ வேலை இன்னும் சுலபம்: ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிவப்பு எல்இடி இருக்கிறது. நிலையாக எரிந்தால் பிரிண்டர் அதை அடையாளம் கண்டுவிட்டது. எரியவே இல்லை என்றால் தொடர்பு கிடைக்கவில்லை, 'புஷ்' என்று எழுதிய இடத்தில் இன்னும் அழுத்த வேண்டும். மெதுவாக மினுக்கினால் மை குறைவு, வேகமாக மினுக்கினால் மை தீர்ந்தது அல்லது வேறு பிழை. மற்ற நிறுவனங்கள் இதைப் பின்பற்றாதது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ரீஃபில் செய்த பிறகு வரும் மறுப்பு

ரீஃபில் செய்ததும் மறுப்பு வந்தால் மையின் தரத்தைத் திட்டுவது வழக்கம். மைக்கு அதில் பங்கு குறைவு. ஹெச்பி, கேனன் ஹெட்டுகள் வெப்பத்தால் இயங்குபவை. ஒவ்வொரு நாஸிலுக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய மின்தடை இருக்கிறது. அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவாகச் சூடாகி, மையில் ஒரு குமிழியை உண்டாக்கி, அந்தக் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. அந்தச் சூட்டைத் தணிப்பதும் அதே மைதான். மை தீர்ந்த பிறகும் வெளிறிய பக்கங்களை விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் மின்தடைகள் வெறுமையில் சூடாகிக் கருகும். அப்படிக் கருகிய கேட்ரிட்ஜில் எவ்வளவு நல்ல மையை நிரப்பினாலும் பிரிண்டர் அதைப் பழுது என்றுதான் சொல்லும், இந்த முறை உண்மையாகவே. ரீஃபில் செய்யும் எண்ணம் இருந்தால், எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிறுத்தி நிரப்பிவிட வேண்டும். எப்சனும் பிரதரும் வெப்பத்துக்குப் பதில், மின்சாரம் பட்டால் அசையும் பீசோ படிகத்தால் துளியைத் தள்ளுகின்றன. அவற்றில் இந்தக் கருகல் கிடையாது.

இரண்டாவது காரணம், அளவுக்கு மீறி ஊற்றுவது. உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். அது கொள்ளும் அளவைத் தாண்டியதும் மை அடியில் கசிந்து, செம்புப் பட்டை வழியே மேலேறி, காண்டாக்டுகளுக்கு இடையே பரவும். மை மின்சாரத்தைக் கடத்தும். பிரிண்டர் உடனே கைவிரித்துவிடும். மடித்த டிஷ்யூவின்மேல் நாஸில் கீழ்நோக்கி இருக்கும்படி இரண்டு மூன்று நிமிடம் நிறுத்திவையுங்கள் (காண்டாக்டுக்கு ஆகாத டிஷ்யூ இதற்கு ஆகும்). மூவண்ணக் கேட்ரிட்ஜ் என்றால் எடுத்துப் பார்க்கும்போது மூன்று நிறமும் தனித்தனிக் கோடாகப் பதிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று கலந்து பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் வடிய வேண்டும். அதன்பின் முன்பு சொன்னபடி காண்டாக்டைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். இன்னொரு விஷயம்: நாஸில் அடைப்பு மட்டும் இருந்தால் பிரிண்டர் கேட்ரிட்ஜை மறுக்காது. அடைப்பு வந்தால் கோடு கோடாகவோ வெள்ளையாகவோ அச்சடிக்கும், அவ்வளவுதான். மறுக்கப்பட்ட கேட்ரிட்ஜை வெந்நீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இரண்டு நோயைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'மை இல்லை' என்பதால் வரும் மறுப்பு பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஹெட்டோடு சேர்ந்த ஹெச்பி கேட்ரிட்ஜை ரீஃபில் செய்தால் அளவுமானி காலி என்றே காட்டும். ஓகே அழுத்தினால் அச்சடித்துக்கொண்டே போகும். கேனனில் ஸ்டாப் பட்டனை ஐந்து நொடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கேட்ரிட்ஜுக்கு மை அளவைக் கண்காணிப்பதை விட்டுவிடும். எப்சனில் இந்தச் சலுகை இல்லை. துளிகளை எண்ணிக் கணக்கிட்டு சிப்பில் எழுதிவைக்கிறது; கணக்கு பூஜ்யம் ஆனதும் தொட்டியில் மை மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடும். சிப்பை ரீசெட் செய்யாமலோ மாற்றாமலோ நகராது.

பிரிண்டர் வேண்டுமென்றே மறுப்பது

இனி மூன்றாவது மறுப்பு. நேற்றுவரை ஓடிய கேட்ரிட்ஜ், மூடியை யாரும் திறக்காதபோது, இன்று காலை ஏற்கப்படவில்லை என்றால், அல்லது நான்கு கம்பேட்டிபிள் (வேறு நிறுவனம் தயாரித்த) கேட்ரிட்ஜ்களும் ஒரே நேரத்தில் மறுக்கப்பட்டால், துணியைக் கீழே வையுங்கள். நான்கு காண்டாக்டுகள் ஒரே இரவில் அழுக்காவதில்லை. பிரிண்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அப்டேட் ஆகியிருக்கிறது. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் பல ஆஃபீஸ்ஜெட் மாடல்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் வேற்று சிப் கேட்ரிட்ஜ்களை மறுக்கத் தொடங்கின. காரணமான நிரல் முன்பே உள்ளே போய் அந்தத் தேதிக்காகக் காத்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே ஹெச்பி வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை விரும்பியவர்களுக்குத் தருவதாக அறிவித்தது. 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற பெயரில் அந்த முறை பிந்தைய மாடல்களில் தொடரவே செய்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம், இதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேட்ரிட்ஜை விற்றுவிட்ட பிறகு அதன்மேல் காப்புரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. ரீஃபில் செய்து விற்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. பிரிண்டர் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இன்றைய சிக்கல் முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

தன் வியாபாரத்தைக் காக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை இருக்கலாம். ஆனால் 'இது எங்கள் கேட்ரிட்ஜ் இல்லை, அதனால் ஏற்க மாட்டேன்' என்று நேராகச் சொல்லாமல் 'கேட்ரிட்ஜ் பிரச்சினை' என்று பூசி மெழுகுவது நேர்மையில்லை என்பது என் கருத்து. அதைப் படிப்பவர் கேட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்றுதானே நினைப்பார்?

என்ன செய்யலாம்? கம்பேட்டிபிள் கேட்ரிட்ஜ் விற்றவரிடம் புதிய சிப் பதிப்பு உள்ளதைக் கேளுங்கள்; ஒவ்வொரு தடைக்குப் பிறகும் சிப் தயாரிப்பவர்கள் புதுப் பதிப்பு கொண்டுவருவது வாடிக்கை. தொட்டி வகையில், தீர்ந்துபோன ஒரிஜினலின் சிப்பை மெல்லிய பிளேடால் நெம்பி எடுத்து வேற்றுத் தொட்டியில் அதே இடத்தில் ஒட்டுவதும் நடக்கிற காரியம்தான். அளவு காலி என்றே காட்டும். காலிக்குப் பிறகும் அச்சடிக்க விடும் மாடல்களில் மட்டும் இது பலிக்கும். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவது மிகச் சில மாடல்களில்தான் முடியும். ஆகவே தடை வருமுன்னே தானியங்கி அப்டேட்டை அணைத்துவைப்பதுதான் உருப்படியான வேலை. நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர் என்றால் அதன் ஐ.பி. எண்ணை பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். அப்டேட் பகுதியில் தானாக நிறுவும் தேர்வை எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அதோடு நின்றுவிடும் என்பது இதற்கான விலை. ஹெச்பி ப்ளஸ் திட்டத்தில் சேர்த்த பிரிண்டருக்கு இந்த வழி கிடையாது. அதற்கு எப்போதும் இணைய இணைப்பும் ஒரிஜினல் மையும் வேண்டும்.

ஒரிஜினல் கேட்ரிட்ஜே மறுக்கப்படுவதும் உண்டு. 'செட்அப்' என்று அச்சிட்டு பிரிண்டரோடு பெட்டியில் வரும் கேட்ரிட்ஜ் முதல் முறை தொடங்குவதற்கானது. புது பிரிண்டரில் அதைப் போடாமல் கடையில் வாங்கியதைப் போட்டால் சில மாடல்கள் ஏற்காது; ஒரு பிரிண்டரின் செட்அப் கேட்ரிட்ஜை ஏற்கெனவே ஓடும் இன்னொன்றில் போட்டாலும் ஏற்காது. 'பாதுகாக்கப்பட்ட கேட்ரிட்ஜ்' என்று வந்தால், அது வேறொரு பிரிண்டரோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டது. பிணைத்ததைப் பிரிக்க முடியாது. உங்கள் பிரிண்டரில் அந்த அமைப்பை அணைத்தால், இனி போடும் கேட்ரிட்ஜ்கள் மட்டும் பிணைப்பிலிருந்து தப்பும். மாதச் சந்தாவில் அனுப்பப்பட்ட கேட்ரிட்ஜ், சந்தா நின்றதும் மை நிறைய இருந்தாலும் நின்றுவிடும். வெளிநாட்டில் வாங்கிய கேட்ரிட்ஜ் உள்நாட்டு பிரிண்டரில் பொருந்தாமல் போவது வட்டாரப் பூட்டு. நிறுவனத்தின் உதவி மையத்தைத்தான் அணுக வேண்டும்.

எங்கே நிறுத்துவது

தொட்டி வகையில் இன்னும் இரண்டு விஷயங்கள். கம்பேட்டிபிள் தொட்டிகளில் சிப் அரை மில்லிமீட்டர் விலகியோ கோணலாகவோ ஒட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நகத்தால் நகர்த்திச் சரிசெய்யலாம். தொட்டி தன் இடத்தில் ஆடினால், சிப்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு தாள் துண்டை நான்காக மடித்துச் செருகினால் ஊசிகளோடு இறுக்கம் கிடைக்கும். எப்சனில் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஹெட்டைச் சுத்தம் செய்ய மை செலவாகலாம்; பரிசோதனை என்ற பெயரில் பத்து முறை மாட்டினால் மைதான் குறையும்.

நன்றாக ஓடும் கேட்ரிட்ஜைப் போட்டும், ஊசிகளைத் துடைத்தும், மின்சாரத்தைத் துண்டித்தும், தனித்தனியாகச் சோதித்தும் மறுப்பு தீரவில்லை என்றால் மிச்சம் இருப்பது கேரியேஜிலிருந்து போர்டுக்குப் போகும் வெள்ளைப் பட்டைக் கேபிள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிவதால் அதன் உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கலாம், அல்லது போர்டில் செருகிய முனையில் மை இறங்கியிருக்கலாம். கேரியேஜ் ஓர் ஓரத்தில் இருந்தால் ஏற்று, மறு ஓரம் போனதும் மறுத்தால் கேபிள்தான் என்று அடித்துச் சொல்லலாம். முனையைக் கழற்றித் துடைத்துச் செருகுவதுவரை கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் போர்டு மாற்றும் செலவு பெரும்பாலும் பிரிண்டர் விலையை நெருங்கிவிடும். அதற்குமேல் காசு போட வேண்டியதில்லை. வாரண்டி இருந்தால் வேற்று மை போட்டதற்காகத் தயங்க வேண்டாம். அது மட்டுமே வாரண்டியை ரத்து செய்யாது என்று ஹெச்பியின் வாரண்டி விதியிலேயே இருக்கிறது; பழுது அந்த மையால்தான் வந்தது என்றால் மட்டுமே கட்டணம் கேட்க முடியும்.

கேட்ரிட்ஜைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நான்கு விவரங்களை எடுத்துக்கொண்டு போங்கள்: பிரிண்டரின் முழு மாடல் எண், மெசேஜின் படம், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்தக் கேட்ரிட்ஜைத் தனியாகப் போட்டபோது என்ன நடந்தது என்பது. ஃபர்ம்வேர் பதிப்பு பிரிண்டர் நிலை அறிக்கைத் தாளில் அச்சாகும்; அச்சடிக்கவே மறுக்கிறது என்றால் ஐ.பி. பக்கத்தில் பார்க்கலாம். இந்த நான்கும் இருந்தால் விற்றவர் 'நீங்கள் சரியாக மாட்டவில்லை' என்று தட்டிக்கழிக்க முடியாது. எந்தச் சிப் பதிப்பை மாற்றித் தர வேண்டும் என்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.